214 என்பது 241 ஆனது: டிக்ரியில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன வழி?

ஜூன் 5, கேள்வி

ஐயா, நொய்யலுக்குத் தெற்கே எங்களுக்கு 2 ஏக்கர் 35 சென்ட் புஞ்சைக்காடு இருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் எங்கள் வண்டித்தடத்தை உழுது தன் காட்டோடு சேர்த்துக்கொண்டதால், அப்பா 2006இல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு 2011இல் உரிமை விளம்புகையும் (உரிமை எங்களுடையது என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக் கட்டளையும் (தலையிடக் கூடாது என்ற தடை) பெற்றார். அப்பா இறந்த பிறகு பட்டா மாற்றத்துக்காக டிக்ரி நகலோடு தாலுகா அலுவலகம் போனேன். க.ச. (சர்வே எண்) 214/2ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் 241/2ஏ என்று இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தீர்ப்புக்குள் 214 என்று சரியாகவே இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதால் புது வழக்குத்தான் போட வேண்டும் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டு கடந்த பிறகு வேறு வழியே கிடையாதா?

ஜூன் 5, இரவு

புது வழக்கும் வேண்டாம், மேல்முறையீடும் வேண்டாம். நான் வக்கீல் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, வழக்குக் கட்டுகளைச் சுமந்தும் நகல் மனு போட்டும் பழகியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 152ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தீர்ப்பிலோ தீர்ப்பாணையிலோ (டிக்ரி) உத்தரவிலோ எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தற்செயலாக நேர்ந்த தவறு அல்லது விடுபடுதல் இருந்தால், நீதிமன்றம் தானாகவோ தரப்பினர் ஒருவரின் மனுவின் பேரிலோ எந்த நேரத்திலும் அதைத் திருத்தலாம். ‘எந்த நேரத்திலும்’ என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. எனவே பன்னிரண்டு ஆண்டு கடந்தது மட்டுமே உங்கள் மனுவைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. முன்சீப் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், மறுஆய்வு மனுவுக்கும் 30 நாள் என்று காலவரம்புச் சட்டம் வைத்திருக்கிறது. உங்களிடம் பேசிய வக்கீல் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலை இன்னும் எளிது. தீர்ப்பு என்பது நீதிபதி காரணங்களோடு சொன்ன முடிவு. டிக்ரி என்பது அந்த முடிவை மட்டும் பிழிந்து எழுதும் தாள். டிக்ரி தீர்ப்போடு ஒத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 20ஆம் கட்டளை 6ஆம் விதி சொல்கிறது. தீர்ப்பில் 214, டிக்ரியில் 241 என்றால் இதில் வாதாடுவதற்கு ஒன்றுமில்லை. மனுவைப் போடுங்கள், ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

ஜூன் 6, அதிகாலை

தூக்கம் கலைந்து எழுந்ததும் நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘ஒரு மாதத்தில் முடிந்துவிடும்’ என்ற வாக்கியத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த வாரத்தில் இப்படி எழுதுகிறவனுக்கு முப்பத்தோரு ஆண்டு அனுபவம் என்று யாராவது நம்புவார்களா?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்காமல் விட்டுவிட்டேன். 2011 தீர்ப்பை எதிர்த்து எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ததா? மனுவை எந்தக் கோர்ட்டில் போடுவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. சார்பு நீதிமன்றம் இருதரப்பையும் கேட்டு முன்சீப் தீர்ப்பை உறுதி செய்திருந்தால், கீழ்க்கோர்ட் டிக்ரி மேல்கோர்ட் டிக்ரிக்குள் கலந்துவிடும். அதன் பிறகு உயிரோடு இருக்கும் டிக்ரி மேல்கோர்ட்டினுடையதே என்பதால் திருத்த மனுவும் அங்கேதான் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலேயே 41ஆம் கட்டளை 11ஆம் விதியின்படி மேல்முறையீட்டைத் தொடக்கத்திலேயே தள்ளியிருந்தால், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 153ஏ பிரிவின்படி முதல் கோர்ட்டே திருத்தலாம். இந்த வேறுபாட்டை மறந்து கீழ்க்கோர்ட்டில் மனுப் போட்டு, ஓராண்டு வாய்தா வாங்கிய பிறகு ‘இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை’ என்ற இரண்டு வரி உத்தரவோடு வெளியே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 6, பகல்

கேட்டவர் பதில் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தது. ஆனால் வாய்தாவுக்கு வராமல் போனதால் அது தள்ளுபடியாகிவிட்டது. வராததற்காகத் தள்ளுவது வழக்கின் தன்மையைப் பார்த்துச் செய்யும் முடிவல்ல என்பதால் டிக்ரிகள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. முன்சீப் கோர்ட்டுக்கே போகலாம்.

ஜூன் 8

பிராதின், அதாவது அப்பா வழக்குத் தொடங்கியபோது கொடுத்த மனுவின், நகலை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டார். நான் பயந்தது நடந்திருக்கிறது. பிராதின் 3ஆம் பத்தியில் 214/2ஏ. கடைசித் தாளில் உள்ள சொத்து விவரத்தில் 241/2ஏ. கோர்ட்டில் டிக்ரி எழுதியவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். என்னைப் போன்ற ஒரு வக்கீல் குமாஸ்தா தட்டச்சு செய்த தபசிலை (சொத்து விவரத்தை) எழுத்துப் பிசகாமல் இறக்கியிருக்கிறார். முதல் நாள் இரவு நான் டிக்ரி எழுதியவரின் மீது மனத்துக்குள் சுமத்திய பழியை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குக் கையில் வேகமும் மனத்தில் திமிரும் இருந்த காலம். நிலத்தைக் கைவசம் பெறக் கேட்கும் ஒரு சுவாதீன வழக்கு. மூலப் பத்திரம் நம் பக்கத்து வழக்கப்படி தமிழில் இருந்தது: ‘இதற்குச் செக்குபந்தி: இட்டேரிக்கு வடக்கு, இன்னார் காட்டுக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்கு மேற்கு.’ செக்குபந்தி என்றால் நான்கு எல்லை, இட்டேரி என்றால் இருபுறமும் வேலியுள்ள தடம். பிராதை ஆங்கிலத்தில் அடித்துத் தரச் சொன்னார் எங்கள் சீனியர். நான் நான்கு திசைகளையும் வரிசையாக எழுதி, வடக்கு என்பதற்கு எதிரே இட்டேரி, கிழக்கு என்பதற்கு எதிரே இன்னார் காடு என்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

நம் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். ‘இட்டேரிக்கு வடக்கு’ என்றால் காடு இட்டேரிக்கு வடபுறத்தில் இருக்கிறது என்று பொருள். அதாவது இட்டேரி காட்டின் தென் எல்லை. நான் அதை வட எல்லையாக்கிவிட்டேன். ஒன்றை மாற்றியிருந்தால் யாருக்காவது கண்ணில் பட்டிருக்கும். நான்கையும் ஒரே ஒழுங்காகத் திருப்பியதால் தாளில் பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. சீனியர் கையெழுத்திட்டார், கட்சிக்காரர் கையெழுத்திட்டார், எதிர்த்தரப்பு எதிருரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நான்காண்டுகள் சாட்சி விசாரணை நடந்தது, டிக்ரியும் ஆயிற்று.

நிறைவேற்று மனுவில் காட்டைக் கைப்பற்றிக் கொடுக்க அமீனும் (கோர்ட் ஊழியர்) சர்வேயரும் போன நாளில் நானும் போனேன். அமீன் டிக்ரியைப் படிக்கப் படிக்கச் சர்வேயர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இட்டேரி எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. டிக்ரியோ அதை எதிரே இருக்கச் சொல்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிரதிவாதி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “ஏனுங்க, இந்தக் காயிதத்துல சொல்ற காடு எங்கீங்க இருக்குது? எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல இல்லீங்களே.”

நிறைவேற்றும் கோர்ட் டிக்ரியைத் தாண்டிப் போக முடியாது என்பதால் அமீன் அப்படியே திரும்பிவிட்டார். பிறகு 152ஆம் பிரிவில் மனு, ஆட்சேபணை, வாய்தா என்று ஏழு மாதம் போயிற்று. மூலப் பத்திரம் வாதி தரப்புச் சான்றாவணமாகக் கட்டிலேயே இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அதையும் பிராதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீதிபதி ஒரே மூச்சில் திருத்தத்துக்கு உத்தரவிட்டார். சீனியர் என்னைத் திட்டவில்லை. “இனிமேல் செக்குபந்தி அடிக்கறதுன்னா காட்டுல போயி நின்னு பாத்துட்டு அடிக்கோணும்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும், முடிந்த வழக்குகளில் எல்லாம் போய் நின்றிருக்கிறேன். வேலிமுள் கிழித்த வேட்டிகளுக்குக் கணக்கே இல்லை.

ஜூன் 9

ஒருவர் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்: கோர்ட்டின் பிழையைத் திருத்தத்தானே 152 இருக்கிறது, கட்சிக்காரர் தன் பிராதில் செய்த பிழைக்கு அது எப்படிப் பொருந்தும்? எங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் வாதாடினார்.

நீதிமன்றத்தின் செயலால் எவரும் கேடுறக் கூடாது என்ற பழைய நெறிதான் இந்தப் பிரிவின் வேர். அதனால் கோர்ட்டின் கைப்பிழையே இதன் நேரான பொருள் என்பதில் ஐயமில்லை. 1960களில் ஒடிசா விற்பனை வரி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: கணக்கிடுவதில் நேர்வது கணக்குப் பிழை, எழுதுவதிலோ தட்டச்சிலோ நேர்வது எழுத்துப் பிழை, கவனக் குறைவால் கோர்ட் செய்துவிடுவது தற்செயல் தவறு, நீண்ட வாதம் செய்து நிறுவ வேண்டியது எதுவும் இந்த மூன்றில் அடங்காது. ஆனால் பிராதின் சொத்து விவரத்தில் நேர்ந்த பிழை டிக்ரிக்குள் இறங்கிவிட்ட நிலையிலும் கோர்ட் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதும் நிலைபெற்ற கருத்து. மேற்கு வங்கத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தரப்பாக இருந்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இருதரப்பும் எந்தச் சொத்துக்காகச் சண்டையிட்டார்கள் என்பதில் குழப்பமே இல்லாமல், அதன் பெயர் அல்லது எண் மட்டும் தவறி விழுந்திருக்க வேண்டும், இதுவே அளவுகோல்.

உங்கள் வழக்கில் அந்தக் குழப்பம் இல்லை. பத்தியில் 214, சாட்சியத்தில் 214, பத்திரத்தில் 214, தீர்ப்பில் 214, செக்குபந்தியும் சரி. 152ஓடு, நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் 151ஐயும், வழக்கு நடவடிக்கைகளில் உள்ள குறைகளைத் திருத்தும் பொது அதிகாரமான 153ஐயும் சேர்த்தே மனுவில் குறிப்பிடுங்கள். சில நீதிபதிகள் முதலில் பிராதைத் திருத்த 6ஆம் கட்டளை 17ஆம் விதியில் மனுப் போடச் சொல்வதுண்டு. சொன்னால் தர்க்கம் செய்யாமல் போட்டுவிடுவது நல்லது. பிராதிலும் டிக்ரியிலும் ஒரே எண் இருப்பது பின்னால் உங்கள் பேரன்களுக்கு உதவும்.

ஜூன் 9, இரவு

‘இலக்கம் இடம் மாறியதுதானே, நீங்களே பேனாவால் திருத்திக்கொண்டு போயிருக்கலாமே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சான்றிட்ட நகலில் பேனா வைத்தால் அடுத்த வழக்குக் குற்றவியல் கோர்ட்டில் நடக்கும். அங்கே எனக்குப் பழக்கம் இல்லை.

ஜூன் 13

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், கடன் வழக்கில் வழக்கு நடந்த காலத்துக்கு வட்டி கொடுக்க நீதிபதி மறந்துவிட்டார், அதையும் ‘விடுபடுதல்’ என்று சொல்லி 152இல் வாங்கிவிடலாமா என்கிறார்.

வாங்க முடியாது. விடுபடுதல் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது; எனக்கும் ஒருமுறை வந்து, மனுவைத் தயாரித்துக்கொண்டு சீனியர் முன்னால் நின்று அவமானப்பட்டிருக்கிறேன். 1999இல் ஓர் ஒப்பந்ததாரருக்கும் மத்தியப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில் இதே கேள்விதான் வந்தது. விசாரணைக் கோர்ட் கொடுக்காத இடைக்கால வட்டியை 152இன் வழியாகப் பின்னால் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீதிபதி சொல்ல நினைத்ததும் சொன்னதும் வேறுபட்டால்தான் அது கைப்பிழை. அவர் வட்டியைப் பற்றி நினைக்கவே இல்லை என்றால், அல்லது நினைத்து மறுத்தார் என்றால், உங்களுக்கு இருப்பவை மேல்முறையீடும் மறுஆய்வும் மட்டுமே. கையெழுத்திட்ட தீர்ப்பை 152இன்படியோ மறுஆய்விலோ தவிர வேறு எவ்வகையிலும் மாற்றவோ கூட்டவோ கூடாது என்று 20ஆம் கட்டளை 3ஆம் விதி கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

ஆனால், நேற்றிரவு இதை எழுதி வைத்த பிறகு ஓர் எண்ணம் வந்தது. தீர்ப்பில் வட்டி விகிதத்தையும் காலத்தையும் சொல்லிவிட்டு, தொகையைப் பெருக்கும்போது தவறியிருந்தால் அது கணக்குப் பிழை. அதற்கு 152 பொருந்தும். அவர் தீர்ப்பின் கடைசிப் பத்தியை மறுபடியும் படித்துப் பார்க்கட்டும்.

ஜூன் 14

முதல் கேள்விக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. திருத்த மனுவில் க.ச. எண்ணோடு பரப்பையும் எழுதுவீர்கள். அதில் புதுப் பிழை நுழைய விடாதீர்கள். உங்கள் பத்திரம் ஏக்கர், சென்ட்டில் இருக்கும்; பட்டா ஹெக்டேர், ஏரில் இருக்கும். 2 ஏக்கர் 35 சென்ட் என்பது பட்டாவில் ஏறக்குறைய 0.95.0 (0 ஹெக்டேர் 95 ஏர்) என்று வரும். அவசரத்தில் அடிக்கிறவர் அதை 95 சென்ட் என்று அடித்தால் உங்கள் காட்டில் 1 ஏக்கர் 40 சென்ட் காணாமல் போய்விடும். அதைத் திருத்த இன்னொரு 152 வேண்டும்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. பழைய பத்திரங்களில் ‘பு.ஏ. 2.5’ (பு.ஏ. என்றால் புஞ்சை ஏக்கர்) என்று இருந்தால் அது இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட்டா, இரண்டரை ஏக்கரா? எழுதியவர் சென்ட்டைத்தான் நினைத்தார், படிக்கிறவர் பள்ளிக்கூடத்துத் தசமத்தை நினைக்கிறார். நாற்பத்தைந்து சென்ட் வித்தியாசத்துக்கு அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. பழைய பத்திர எழுத்தர்கள் எண்ணால் எழுதியதை எழுத்தாலும் எழுதியது வீண் வேலையல்ல. ‘இருநூற்றுப் பதினான்கு’ என்று எழுத்தாலும் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எண்ணைப் புரட்டும் விரல் சொல்லைப் புரட்டுவது அரிது.

பரப்பிலும் எல்லையிலும் முரண் வந்தால் தெளிவான எல்லைக்கே கோர்ட்டுகள் பொதுவாக மதிப்புக் கொடுக்கின்றன. ஆனால் அந்தச் செக்குபந்தியையும் என்னைப் போல ஒருவன் திருப்பி வைத்திருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் மேலே அந்தக் கதை.

ஜூன் 20

டிக்ரியில் ‘ஈரோடு மாவட்டம்’ என்று இருக்கிறது, இப்போது நாங்கள் திருப்பூர் மாவட்டம், அதுவும் பிழையா என்று முதல் கேள்வி கேட்ட தம்பி கேட்கிறார்.

பிழையல்ல என்று எழுதத் தொடங்கினேன். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் இருக்கும் காகிதங்களை அடுக்கினால், 1979க்கு முன்னால் கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், 2009க்குப் பிறகு திருப்பூர் மாவட்டம் என்று காடு நகராமலேயே மாவட்டப் பெயர் மூன்று முறை மாறியிருக்கும். அந்தந்த நாளில் அது சரியாகவே இருந்தது. ஆனால் உங்கள் டிக்ரி 2011இல் ஆனது. அன்றைக்கு அந்த ஊர் ஈரோட்டில் இல்லை. 2006ஆம் ஆண்டுப் பிராதின் தபசிலை அப்படியே இறக்கியதன் விளைவு இது. சொத்தின் அடையாளம் இதனால் மாறாது. இதற்கென்று தனி மனு போட்டால் நீதிபதி சிரிப்பார். எண்ணைத் திருத்தும் மனுவிலேயே ‘தற்போது திருப்பூர் மாவட்டம்’ என்று சேர்க்க ஒரு வரி கேட்டு வையுங்கள். கொடுத்தால் நல்லது.

ஜூலை 2

மனு தயாராகிறது என்று சொல்லியிருக்கிறார். கோர்ட்டுக்குப் போகும் முன் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்துவிட்டதால், மனுவை உங்கள் பெயரில் மட்டும் போடக் கூடாது. அம்மா, கூடப் பிறந்தவர்கள் அனைவரும் வாரிசுகளாக வர வேண்டும். கட்டிக் கொடுத்த அக்கா தங்கைகளின் பெயரை ‘அவங்களுக்கு எதுக்குங்க’ என்று விட்டுவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, பிறகு அவர்கள் கேட்கும்போது தலை நிமிர்ந்து பதில் சொல்லவும் முடியாது. எதிர்த்தரப்பிலும் ஆள் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளைச் சேர்த்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். எவ்வளவு வெளிப்படையான பிழையானாலும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் வாங்கிய திருத்தம் உறுதியாக நிற்காது.

இன்னொரு ஆளை எல்லோரும் மறந்துவிட்டோம். 241/2ஏ என்று அதே ஊரில் உண்மையிலேயே ஒரு காடு இருக்கும். அதன் சொந்தக்காரர் வழக்கில் கட்சிக்காரர் அல்ல. அவருக்குத் தெரியாமலேயே அவர் காட்டுக்கு நீங்கள்தான் சொந்தக்காரர் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு டிக்ரி கட்டுக்குள் படுத்திருக்கிறது. கட்சிக்காரர் அல்லாதவரை அந்த டிக்ரி கட்டுப்படுத்தாது. ஆனாலும் மரியாதைக்கு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் 241க்கான கிராமக் கணக்கு விவரத்தையும் வாங்கி மனுவோடு சேருங்கள். அது வேறொருவர் பெயரில், வேறு எல்லைகளோடு இருப்பதே உங்களுடையது எழுத்துப் பிழை என்பதற்கு நல்ல சாட்சி.

பிரமாணப் பத்திரத்தில் பிழை எங்கே பிறந்தது என்பதை மறைக்காதீர்கள். ‘நீதிமன்றத்தின் கவனக் குறைவால்’ என்று எழுதும் வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. எங்கள் தபசிலில் பிழை நேர்ந்தது, அது டிக்ரியிலும் வந்துவிட்டது என்று உள்ளபடி எழுதுங்கள். நான் பார்த்தவரையில் நீதிபதிகள் இதற்காக மனுவைத் தள்ளியதில்லை. பழியைத் தம் அலுவலகத்தின் மீது போட்ட மனுக்களைத்தான் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்கள்.

பிழை மூலப் பத்திரத்திலேயே இருந்தால் இந்த வழி போதாது என்பதையும் பிறருக்காகச் சொல்லி வைக்கிறேன். அதற்கு எழுதிக் கொடுத்தவரோடு பிழைத்திருத்தல் ஆவணம் பதிய வேண்டும். அவர் மறுத்தால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டம் 26ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். டிக்ரியை மட்டும் திருத்தி, பத்திரத்தைப் பழையபடி விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஜூலை 3

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. என் அறிவுரையிலேயே விடுபடுதல். முதல் நாளில் இருந்து டிக்ரியைத் திருத்துவது பற்றியே பேசிவருகிறேன். உங்கள் தீர்ப்பின் கடைசியில் சொத்து விவரம் சேர்த்து அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலும் 241 இருக்கும். ‘தீர்ப்பிலும் தீர்ப்பாணையிலும்’ என்று வேண்டுகோளில் கேட்க வேண்டும்.

மற்றொரு வாசகரின் கேள்விக்கும் பதில். டிக்ரியை நிறைவேற்றக் கேட்பதற்கான 12 ஆண்டு வரம்பு, திருத்திய தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குமா? 1908ஆம் ஆண்டின் பழைய காலவரம்புச் சட்டத்தில் டிக்ரி திருத்தப்பட்ட தேதியிலிருந்து எண்ணலாம் என்ற வாசகம் இருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 136ஆம் இனத்தில் அது இல்லை. எனவே சுவாதீன டிக்ரி வைத்திருப்பவர்கள் திருத்தத்தை நம்பிக் காலத்தை ஓட்டக் கூடாது. இந்தத் தம்பிக்கு அந்தக் கவலை இல்லை; அவர் காட்டில் அவரே இருக்கிறார், நிரந்தர உறுத்துக் கட்டளைக்கு அந்த 12 ஆண்டு வரம்பு பொருந்தாது.

ஜூலை 18

மனுவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பின் கடைசியிலும் 241 இருந்ததாம், சேர்த்துக் கேட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு மகன்களுக்கு அறிவிப்பு போயிருக்கிறது.

ஆகஸ்ட் 29

மூத்த மகன் கோர்ட்டுக்கு வந்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே மரத்தடியில் நம் தம்பியிடம், தன் அப்பாவுக்கும் 214க்கும்தான் தகராறே தவிர 241ஐப் பற்றித் தன் குடும்பத்தில் யாரும் கனவுகூடக் கண்டதில்லை என்றாராம். தடம் மட்டும் உழாமல் கிடக்கிறது, இரண்டு பேரும் அதில் டிராக்டர் ஓட்டிக்கொள்கிறார்கள்.

உத்தரவு ஆகிவிட்டது, மாவட்டத்தைச் சேர்க்கக் கேட்டதையும் நீதிபதி அனுமதித்துவிட்டார். ஜூன் 5இல் ஒரு மாதம் என்று சொன்னவன் வாயை மூடிக்கொள்கிறேன். திருத்திய டிக்ரியின் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறார். வாங்கியவுடன் கோர்ட் வளாகத்தை விட்டு வெளியே வரும் முன்னால், பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு திசை என்று விரல் வைத்து வாசித்துவிட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.